செவிப்பறையும் சலாபக் கணக்கும்

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் பற்றிய ஆவணங்கள் கணக்கில் மிகக் கண்டிப்பானவை. 1905ஆம் ஆண்டு இலங்கையின் மறிச்சுக்கட்டி முகாமில் கரையேறிய சிப்பிகள் எட்டுக் கோடிக்கும் மேல் என்பதும், அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் என்பதும் நமக்குத் தெரியும். தோணிகள் எத்தனை, ஒவ்வொரு தோணியிலும் குளியாள் எத்தனை பேர், ஏலத்தில் ஆயிரம் சிப்பி என்ன விலைக்குப் போயிற்று என்பனவெல்லாம் நாள்வாரியாக எழுதி வைக்கப்பட்டன. இவ்வளவு எண்ணியவர்கள் அச்சிப்பிகளை எடுத்து வந்தவர்களின் காதுகளை எண்ணும் பொருளாகக் கருதவில்லை. முத்துக்குளிப்போரின் உடலைப் பற்றி நம் வரலாற்றுத் துறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் சுறாவோடும் மூச்சோடும் நின்றுவிடுகிறது. அன்றாடம் காயம்பட்ட உறுப்போ செவி.

இப்பதிவில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீரழுத்தத்தால் காயம்பட்ட செவி ஆறுவதற்கு ஓய்வு வேண்டும். சில வாரங்களே நீடித்த சலாபத்தில் அந்த ஓய்வு எங்கிருந்து வந்தது? விடையை மருத்துவ நூல்களில் தேடுவதைவிட, ஐரோப்பியர்கள் சோம்பல் என்றும் மூடநம்பிக்கை என்றும் எழுதிச் சென்ற பக்கங்களில் தேடுவது பயன் தரும் என்பது என் வாதம்.

காயத்தின் இயற்பியலை முதலில் சொல்லிவிட வேண்டும். செவிப்பறைக்கு உட்புறம் உள்ள நடுச்செவி, காற்று நிறைந்த ஒரு சிறு அறை. தொண்டையின் மேற்பகுதிக்குச் செல்லும் யூஸ்டேசியன் குழாய் ஒன்றே அதற்கு வாசல். வெளியழுத்தம் கூடும்போது அவ்வாசல் திறந்து உள்ளே காற்றை விடாவிட்டால் செவிப்பறை உட்புறமாக இழுபடும். முதலில் அடைப்பு, பிறகு வலி, பிறகு சவ்வில் இரத்தக் கசிவு, இறுதியில் கிழிசல். நான் வசிக்கும் சக்குபள்ளம் ஏலமலைப் பகுதியைச் சேர்ந்தது. கடலுக்கும் எங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு மலைச்சாலையில் பேருந்து இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கியதும் ‘டப்’பென்று திறந்துகொள்வதும் இங்குள்ள எல்லோரும் அறிந்தவை. அந்த இறக்கம் 500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதனால் கூடும் காற்றழுத்தம் கடலில் ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்துக்குச் சமம். முத்துப்பார்களின் ஆழமோ ஐந்து முதல் பத்துப் பாகம், அதாவது 9 முதல் 18 மீட்டர். பேருந்து அரை மணி நேரத்தில் தரும் மாற்றத்தைப் போல இருபது, முப்பது மடங்கைக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கிய குளியாள் அரை நிமிடத்துக்குள் ஏற்றுக்கொண்டார். அதையும் ஒரு நாளில் பலமுறை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆபத்து ஆழத்தில்தான் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்காகிறது. அடுத்த பத்து மீட்டரில் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. ஆகவே செவிக்குக் கடுமையான பகுதி மேல்நீரே. ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு அழுத்த வேறுபாடு சேர்ந்துவிட்டால் யூஸ்டேசியன் குழாயின் வாய் தானே இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு முயன்றாலும் திறப்பது கடினம். காதைத் திறக்கும் வேலையை இறங்கத் தொடங்கிய கணத்திலேயே தொடங்க வேண்டும் என்பதை இன்றைய ஸ்கூபா பயிற்றுநர்கள் முதல் வகுப்பில் சொல்கிறார்கள்.

பழைய உலகம் இதை அறியாமல் இருக்கவில்லை. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘புராப்ளமாட்டா’ என்னும் கிரேக்கத் தொகுப்பு, கடலில் மூழ்குவோரின் செவிப்பறை ஏன் வெடிக்கிறது என்று நேராகவே கேட்கிறது. காதைச் சுற்றிக் கடற்பஞ்சு கட்டுவதையும் காதில் எண்ணெய் ஊற்றுவதையும் அது குறிப்பிடுகிறது. பத்தாம் நூற்றாண்டின் அரபு அறிஞர் அல் மசூதி, பாரசீக வளைகுடாவில் முத்தெடுப்போர் ஆமையோட்டாலான கவ்வியால் மூக்கை அடைத்து, எண்ணெயில் தோய்த்த பஞ்சைக் காதில் வைப்பார்கள் என்கிறார். அவர்களின் காதடி மூச்சு வெளியேறுவதற்காகக் கீறப்பட்டிருக்கும் என்றும் எழுதுகிறார். இச்செய்தியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு கற்பனையாக அது பொருள் நிறைந்தது. கிழிந்த செவிப்பறை வழியே காற்றுக் குமிழி வெளியேறுவதைக் கண்ட யாரோ சொன்னது, ஒரு நூலாசிரியரின் கையில் ‘கீறிவிடுவார்கள்’ என்று ஆகியிருக்கக்கூடும். இது என் ஊகம்.

நம் கரையைப் பற்றி, கி.பி. முதல் நூற்றாண்டின் ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ தரும் செய்தி சுருக்கமானது, கடுமையானது. கொற்கையில் முத்துக்குளிக்கும் வேலை தண்டனைக் கைதிகளைக் கொண்டு நடந்தது என்கிறது அந்நூல். முசிறியில் மலைநாட்டு மிளகோடு நல்முத்துகளும் கப்பலேறியதை அதே நூல் பதிவு செய்கிறது. கொற்கை முத்தின் ஒளியைப் பற்றிச் சங்க இலக்கிய மாணவர்கள் நிறையவே எழுதியிருக்கிறோம். தண்டனையாக விதிக்கத்தக்க அளவுக்கு அத்தொழில் உடலை வருத்தியது என்பதை எழுதியவர்கள் குறைவு.

இனி ராபர்ட் பெர்சிவலுக்கு வருவோம். இலங்கையில் பணியாற்றிய ஆங்கிலப் படை அதிகாரியான இவர் 1803இல் வெளியிட்ட நூலில் சலாபத்தைப் பற்றிய விரிவான பகுதி உண்டு. தோணிக்குப் பத்துக் குளியாட்கள். ஐவர் இறங்க, ஐவர் இளைப்பாறுவர். கால்விரல்களில் கல்லின் கயிறு, வலக்கையில் இழுகயிறு, இடக்கை மூக்கைப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வாய், மூக்கு, காது வழியே நீர் வடியும், பலமுறை இரத்தமும் வரும் என்கிறார். அதனால் அவர்கள் அடுத்த முறை இறங்காமல் இருப்பதில்லை, ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறைகூட மூழ்குவார்கள் என்று சொல்லிவிட்டு வேறு செய்திக்குப் போய்விடுகிறார். காதிலிருந்து வந்த இரத்தத்துக்கு அவர் ஒதுக்கிய இடம் அவ்வளவே. இரண்டு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கியோர், நான்கைந்து நிமிடம் இருந்தோர் ஆகியோரின் கதைகளுக்கு அதைவிடக் கூடுதலான இடம் தருகிறார். பின்னாளில் கடிகாரத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் ஒன்று, ஒன்றரை நிமிடத்தைத் தாண்டி அதிகம் காணவில்லை.

அந்த இடக்கையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மூக்கைப் பிடிப்பது நீர் புகாமல் இருப்பதற்கு என்றே படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறோம். மூக்கை இறுகப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதினால் யூஸ்டேசியன் குழாய் திறக்கும். இத்தாலிய உடற்கூற்றியலாளர் அன்டோனியோ வால்சால்வா 1704இல் வெளியிட்ட செவி பற்றிய நூலில் இம்முறையை விவரித்தார். ஆகவே இன்று அது அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய நோக்கம் கடலில் மூழ்குவதன்று, காதுச் சீழை வெளியேற்றுவது. மன்னார்க் கடலில் பரவரும் இசுலாமியரும் பிறரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்துப் பாகம் இறங்கி மீண்டார்கள் என்றால், அவர்களில் தேர்ந்தவர்கள் இந்த ஊதலை அறிந்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். இல்லையேல் முதல் இரண்டு பாகத்திலேயே வலி அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கும். காலை முன்னிட்டுத் தலை மேலாக இறங்கும் முறையும் இதற்கு உதவியது. தலைகீழாகப் பாய்வோருக்குக் காது திறப்பது கடினம் என்பது இன்றைய பயிற்சிப் பாடம். கல் கட்டிய இறக்கத்தை வெறும் எடையின் உத்தியாக மட்டும் பார்ப்பது போதாது.

அரபுக் குளியாட்கள் கொம்பாலான கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டார்கள். அது இரு கைகளையும் விடுவித்தது. இப்படித் தொழில்நுட்பத்தில் ஒருவரையொருவர் கண்டு வந்த மக்களிடையே, காதை அடைக்கும் வழக்கமும் இருந்தது. சிலர் உடலில் எண்ணெய் பூசிக் காதையும் மூக்கையும் அடைத்துக்கொள்வார்கள், சிலர் எந்தக் காப்பும் செய்துகொள்வதில்லை என்று பெர்சிவலே எழுதுகிறார். இன்றைய அறிவின்படி காதில் இறுக அடைப்பது தீங்கு. அடைப்புக்கும் செவிப்பறைக்கும் இடையே சிக்கும் காற்று வேறொரு வெற்றிடத்தை உண்டாக்கிச் செவிப்பறையை எதிர்த்திசையில் இழுக்கும். எந்தக் காப்புமின்றி இறங்கியவரை அசட்டையானவர் என்று பெர்சிவலின் வாசகர் எண்ணியிருப்பார். செவியைப் பொறுத்தவரை அவரே சரியாகச் செய்தவர்.

காயம்பட்டபின் என்ன? இன்று ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்வது எளிமையானது. செவிப்பறை சிவந்து வீங்கியிருந்தால் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை நீரில் மூழ்கக் கூடாது. கிழிந்திருந்தால் பெரும்பாலும் அது தானே மூடிக்கொள்ளும். ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு இரண்டு மூன்று மாதம், காது நனையக் கூடாது. கிழிந்த காதில் எண்ணெயோ வீட்டு மருந்தோ ஊற்றக் கூடாது. நம் வீடுகளில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் உடனே நினைவுக்கு வரும். அது கிழியாத காதுக்கான வழக்கம் என்பதை மறந்துவிடுகிறோம். திடீரெனக் கேட்காமல் போனாலோ, இரைச்சலோடு தலைசுற்றினாலோ காயம் உட்செவிக்குப் போயிருக்கலாம். அது அவசர நிலை. மூக்கைப் பிடித்து ஊதிப் பார்ப்பதே அப்போது ஆபத்து. இவற்றில் சிகிச்சை என்று சொல்லத்தக்கது குறைவு. காத்திருப்பதே பெரும்பகுதி. ஆகையால் செவி ஆறுதலின் வரலாறு என்பது, காத்திருக்க யாருக்கு நேரமும் வசதியும் இருந்தன என்பதன் வரலாறும் ஆகிறது.

சலாபத்தில் அந்த நேரம் இல்லை. இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அடங்கியிருக்கும் மாசி, பங்குனி, சித்திரையில் சில வாரங்களே குளிப்பு நடக்கும். அதுவும் எல்லா ஆண்டும் இல்லை. பாரில் சிப்பி முதிராவிட்டால் பல ஆண்டுகள் சலாபமே கூடாது. 1905ஐ ஒட்டிய இலங்கைச் சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. பங்கு என்பதால் இறங்காத நாளுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளில் செவிப்பறை கிழிந்தவருக்கு மருத்துவம் விதிக்கும் ஓய்வு முடிவதற்குள் சலாபமே முடிந்திருக்கும். இதில் இன்னொரு கொடிய தர்க்கமும் உண்டு. கிழிந்த காது அழுத்தத்தில் வலிப்பதில்லை, காற்றும் நீரும் தடையின்றிப் போய்வரும். தென்கிழக்காசியாவின் பஜாவு மக்களில் சிலர் இளமையிலேயே செவிப்பறையைக் கிழிய விட்டுவிடுகிறார்கள் என்று கூறப்படுவது இதனால்தான். வலி நின்றுவிட்டது என்பதற்கும் காயம் ஆறிவிட்டது என்பதற்கும் உள்ள இடைவெளி சலாபத்தின் சில வாரங்களுக்குள் தெரியாது. அது முதுமையில் தெரியும்.

இங்கேதான் பெர்சிவலின் ஒரு முணுமுணுப்பு முக்கியமாகிறது. குளிப்பு நாட்கள் முப்பதுக்கு மேல் போவதில்லை. வெவ்வேறு சமயத்தையும் இனத்தையும் சேர்ந்த குளியாட்கள் அனுசரிக்கும் விடுமுறைகள் அவ்வளவு அதிகம் என்கிறார் அவர். கத்தோலிக்கப் பரவருக்கு ஒரு நாள், இந்துக்களுக்கு ஒரு நாள், இசுலாமியருக்கு ஒரு நாள். தோணியில் இவர்கள் கலந்திருந்தபோது ஒருவரின் திருநாள் மற்றவருக்கும் கரைநாளாக வாய்த்திருக்கும். குத்தகைதாரரின் கண்ணில் இது இழப்பு. செவிப்பறையின் கண்ணில், அப்படி ஒன்று இருக்குமானால், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சவ்வின் வீக்கம் வடிய, குழாய் திறக்கக் கிடைத்த ஒரே இடைவெளி. கிழிசல் இதனால் ஆறாது. கிழிசல் வரை போகாத காயங்களுக்கு, அவையே எண்ணிக்கையில் மிகுதி, இந்த ஒரு நாள் பெரிது.

கடல்கட்டியையும் இந்தக் கோணத்தில் மறுபடி பார்க்கலாம். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று சொல்லப்பட்ட இவரை மார்க்கோ போலோவே பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் குறிப்பிடுகிறார். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போயிற்று என்கிறார். பெர்சிவல் இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்றே எழுதுகிறார். ஆனால் கடல்கட்டி இன்று வேண்டாம் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் குளியாள் இறங்க மாட்டார் என்பதையும் மறைக்கவில்லை. பிரித்தானிய அரசும் வேறு வழியின்றி இவர்களுக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. காதின் நலனுக்காகக் கடல்கட்டி வேலையை நிறுத்தினார் என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்றில்லை. அரசும் குத்தகைதாரரும் மீற முடியாத ஒரு ‘வேண்டாம்’ அந்தக் கரையில் ஒருவர் வாயில் இருந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. பங்குக்காரத் தொழிலாளிக்கு இன்று உடம்பு முடியவில்லை என்று சொல்ல உரிமையில்லாத ஓர் அமைப்பில், இன்று நாள் சரியில்லை என்று எல்லோருக்குமாக ஒருவர் சொல்ல முடிந்தது. தொழில் வரலாற்று மாணவர்கள் இதைச் சமயவியல் மாணவர்களிடம் முழுவதுமாக விட்டுவிட்டது சரியன்று என நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியல் வந்தது, சிப்பிக்காக. டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் இலங்கை அரசுக்காக 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட அறிக்கை, மன்னார் வளைகுடாவின் உயிரியலுக்கு இன்றும் அடிப்படை நூல். கடற்பஞ்சுகள், பவளங்கள், புழுக்கள் ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு உண்டு. சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம்பருவமே முத்து உருவாகக் காரணம் என்று ஹெர்ட்மன் கருதினார். ஆகவே சிப்பியின் நோய் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது. குளியாளின் காதுக்கென அதில் ஓர் அத்தியாயம் இல்லை. சலாப முகாம்களில் மருத்துவமனை இருந்தது. அதன் அச்சம் காலரா. கூட்டத்தில் பரவும் நோயை அரசு கண்டது. கூட்டத்தோடு கலைந்து ஊர் திரும்பும் செவிட்டுத்தன்மையைக் காண அதற்குத் தேவை இருக்கவில்லை.

ஒப்பீட்டுக்கு ஒன்று. 1944இல் வாலஸ் டீட் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் பணியாளர்களின் காதுகளை ஆராய்ந்து, அழுத்தக் காயத்தைப் படிநிலைகளாகப் பகுத்தார். அந்தப் பகுப்பே சிற்சில மாற்றங்களோடு இன்றும் மருத்துவர்களிடம் வழக்கில் இருக்கிறது. பயிற்சி பெற்ற போர்வீரரை இழப்பது அரசுக்குச் செலவு; ஆகையால் அவர் செவி அளக்கப்பட்டது. குளியாளை இழப்பதால் அரசுக்குச் செலவில்லை.

பரவர் வரலாற்றில் மிகவும் நினைவுகூரப்படும் காது ஒன்று உண்டு என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1530களில் தூத்துக்குடியில் எழுந்த ஒரு மோதலில் பரவர் ஒருவரின் காது அணிகலனோடு அறுபட்டது என்றும், அதிலிருந்து மூண்ட பகையே அவர்கள் போர்த்துக்கீசியரை நாடக் காரணமாயிற்று என்றும் இயேசு சபையார் எழுதிய வரலாறுகள் கூறுகின்றன. மானத்தின் காது ஆவணமாயிற்று. உழைப்பின் காது ஆகவில்லை. வெளிக்காதுக்கும் உட்காதுக்கும் இடையே ஒரு அங்குலம்தான் தூரம்.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1906இல் இலங்கைப் பார்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி இல்லாமல் போயிற்று. இந்தியக் கரையில் கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்தன. 1960களில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் காற்றுக் கலங்களைச் சுமந்து அதே பார்களில் இறங்கினார்கள். சங்குகுளித்தல் தொடர்ந்தது. அதன் பருவம் மாதக்கணக்கில் நீள்வது. பின்னர் கம்ப்ரசர் குழாய் வழியே காற்றைப் பெற்றுக் குளிக்கும் முறையும் வந்து சேர்ந்தது. இராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இறங்கும் ஆழம் சில மீட்டர்தான். முன்பு சொன்னது போல, காதுக்கு அந்தச் சில மீட்டரே போதும்.

சட்டத்தையும் ஒரு வரி பார்க்கலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் காலப்போக்கில் திருத்தப்பட்ட வடிவில், அதன் மூன்றாம் அட்டவணையில் அழுத்தப்பட்ட காற்றில் வேலை செய்வதால் வரும் நோய்களும், இரைச்சலால் வரும் கேள்திறன் குறைவும் இடம்பெற்றன. மூச்சடக்கி மூழ்குபவர் இரண்டிலும் அடங்க மாட்டார். அவர் சுவாசிப்பது அழுத்தப்பட்ட காற்று அன்று. கடலடியில் இரைச்சலும் இல்லை. பங்குக்கு உழைப்பதால் அவர் யாருடைய கூலியாளும் அல்லர்.

தூத்துக்குடி, கீழக்கரை, பாம்பன், மன்னார் பகுதிகளில் வாய்மொழி வரலாறு சேகரிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்குகுளித்த முதியவர்களைச் சந்திக்கும்போது சுறாவைப் பற்றிக் கேட்பதோடு, எந்தக் காதில் நன்றாகக் கேட்கிறது, அடைப்பு வந்தால் எத்தனை நாள் கரையில் இருந்தீர்கள், அந்நாட்களில் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்காத பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோமா என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.